கிளப் டிஜே காயம் ஆற்ற முடியுமா? ஹவுஸ் இசைக்குப் பின்னால் இருக்கும் கதை

இரவு கிளப்பில் பாட்டுப் போடும் ஒரு டிஜே, தான் செய்வது காயம் ஆற்றும் வேலை என்று சொன்னால் பலருக்கு அது விளம்பரப் பேச்சாகவே படும். கிளப் என்றாலே மது, இருட்டு, காதைப் பிளக்கும் சத்தம் என்றுதான் நமக்குப் பழக்கம். அங்கே யார் மனம் ஆறப்போகிறது?

ஆனால் கறுப்பின மக்களின் நடன இசை வளர்ந்த ஊர்களில் இது புதிய பேச்சே இல்லை. 2022இல் பியான்சே, அதே ஆண்டில் டிரேக் என இரண்டு பெரிய பாட்டு நட்சத்திரங்கள், சிகாகோவில் பிறந்த ஹவுஸ் என்ற நடன இசை பக்கம் திரும்பினார்கள். 2023இல் சிகாகோ நகர மன்றம் ஒரு பழைய கிளப் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. ஒரு கிளப்புக்கு ஏன் இந்த மரியாதை என்ற கேள்விக்கும், டிஜே எப்படிக் காயம் ஆற்றுவார் என்ற கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

## எந்த இசையைப் பற்றிப் பேசுகிறோம்

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கடத்திவரப்பட்டு அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், அப்புறம் அங்கிருந்து பிரிட்டன் போன்ற நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள், இவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் கறுப்பினப் புலம்பெயர் சமூகம் என்கிறோம். இவர்கள் உருவாக்கிய நடன இசைப் பட்டியல் நீளமானது. ஜமைக்காவின் ரெகே, டப். பிலடெல்பியா, நியூயார்க்கின் டிஸ்கோ. சிகாகோவின் ஹவுஸ். டெட்ராய்ட்டின் டெக்னோ. இந்த அலை திரும்ப ஆப்பிரிக்காவுக்கே போய்ச் சேர்ந்தபோது தென்னாப்பிரிக்காவில் க்வைட்டோ, அமபியானோ என்று புது வடிவங்கள் பிறந்தன.

டெக்னோ என்றாலே ஜெர்மனி நினைவுக்கு வருகிறது. ஆனால் 1980களில் அதை உருவாக்கிய ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெட்ராய்ட் பக்கத்தில் பெல்வில் என்ற ஊரில் ஒன்றாகப் படித்த கறுப்பின இளைஞர்கள். 2024 மார்ச்சில் ஜெர்மனி பெர்லின் டெக்னோவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெர்லின் அதற்குச் செய்தது அதிகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் பிறந்த வீட்டின் பெயரைச் சொல்லாமல் அந்தச் செய்தியைப் படிக்கக் கூடாது.

## மேளம் பறிக்கப்பட்டவர்கள்

1739 செப்டம்பரில் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் கொட்டிக்கொண்டே அணிவகுத்துப் போனார்கள். வழியில் இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வந்த சட்டம், அடிமைகள் மேளமும் கொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. மேளம் வெறும் பொழுதுபோக்கு இல்லை, அது ஆட்களைக் கூட்டும் என்பது எஜமானர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மேளம் போனதும் தாளம் உடம்புக்குள் இறங்கியது. ‘ரிங் ஷவுட்’ என்ற வழிபாட்டு ஆட்டம் அதற்கு நல்ல சாட்சி. ஒருவர் வரி எடுத்துக்கொடுப்பார், சுற்றி நிற்பவர்கள் எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். ஒருவர் கம்பால் மரத்தரையைத் தட்டுவார். மற்றவர்கள் கைதட்டியபடி வலமிருந்து இடமாக வட்டம் சுற்றி, காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்வார்கள். காலைத் தூக்கி ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே வைத்துவிட்டால் அது நடனம், பாவம்; தேய்த்து நகர்ந்தால் அது வழிபாடு. ஜார்ஜியா கடலோரத்தில் இந்த மரபு இன்னும் அறுந்துபோகவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்குக்கும் மேற்குக்கும் இடம்பெயர்ந்தார்கள். சிகாகோ அவர்கள் போய்ச் சேர்ந்த பெருநகரங்களில் ஒன்று. அங்கே ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் பாட்டு வகையைப் பியானோவில் வாசித்துக்கொண்டிருந்த தாமஸ் டோர்சி என்பவர் அந்தச் சாயலைத் தேவாலயப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். 1932இல் பிரசவத்தில் மனைவி இறந்தார், அப்போது பிறந்த குழந்தையும் அடுத்தாற்போல் இறந்தது. அந்தத் துக்கத்தில் அவர் எழுதிய பாடல் இன்றும் கறுப்பினத் தேவாலயங்களில் சாவுக்குப் பாடப்படுகிறது. கோஸ்பெல் எனப்படும் இந்தத் தேவாலய இசையின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள்.

இந்த கோஸ்பெல் ஊரில்தான் ஹவுஸ் இசையும் பிறந்தது. தேவாலயத்தில் கேட்டு வளர்ந்த குரலும், பியானோவும், திரும்பத் திரும்ப வரும் வரியும் அப்படியே டான்ஸ் ஃப்ளோருக்கு வந்து சேர்ந்தன.

## தெற்கு ஜெஃபர்சன் தெரு, எண் 206

1977இல் சிகாகோ நகர மையத்துக்கு மேற்கே, தொழிற்கூடங்கள் நிறைந்த பகுதியில் ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப் இயங்கத் தொடங்கியது. ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் நடத்தினார். பாட்டுப் போட நியூயார்க்கிலிருந்து அழைத்துவந்தது பிராங்கி நக்கிள்ஸ் என்ற 22 வயது இளைஞரை. பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். நண்பர் லாரி லெவனுடன் சேர்ந்து நியூயார்க் கிளப்புகளில் தொழில் பழகியவர்.

வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்கத் தன்பால் ஈர்ப்பு இளைஞர்கள். அவர்களுக்கு ஊரில் வேறு இடம் இல்லை. வெள்ளையர் நடத்திய தன்பால் ஈர்ப்பாளர் விடுதிகள் பலவற்றில் கறுப்பினத்தவர் வந்தால் மட்டும் இரண்டு மூன்று அடையாள அட்டை கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புவது அமெரிக்க நகரங்களில் வழக்கமாக இருந்தது. வீட்டிலும் தேவாலயத்திலும் இவர்களைப் பாவிகள் என்றார்கள். வேர்ஹவுஸில் மது விற்பனை கிடையாது. ஜூஸ், தண்ணீர், அப்புறம் சனி இரவு தொடங்கி ஞாயிறு பகல் வரை ஆட்டம். தேவாலயம் துரத்தியவர்களுக்கு இதுதான் தேவாலயம் என்ற பொருளில் நக்கிள்ஸே பேசியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர் தேவாலயத்துக்குக் கிளம்பும் நேரத்தில், இவர்கள் இங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சின் கனம் புரியும்.

அதே ஊரில் 1979 ஜூலை 12 அன்று நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிஸ்கோவை வெறுத்த ஒரு வெள்ளை ரேடியோ அறிவிப்பாளரின் தூண்டுதலில், கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்துக்கு டிஸ்கோ இசைத்தட்டு கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். சுமார் 50,000 பேர் திரண்டார்கள். நடு மைதானத்தில் இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்ததில் அன்றைய இரண்டாவது ஆட்டமே கைவிடப்பட்டது. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், கொண்டுவரப்பட்ட தட்டுகளில் பல டிஸ்கோவே இல்லை, கறுப்பினக் கலைஞர்களின் சாதாரணத் தட்டுகள் என்று பின்னாளில் சொன்னார். அவர்தான் 1984இல் வந்த முதல் ஹவுஸ் இசைத்தட்டுகளில் ஒன்றை ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து உருவாக்கியவர்.

டிஸ்கோவுக்குப் பெரிய கம்பெனிகள் கதவைச் சாத்திய பிறகு, மிச்சம் கிடந்த தட்டுகளையும் மேளச் சத்தம் எழுப்பும், மலிவாகக் கிடைத்த ஜப்பானிய ரிதம் மெஷின்களையும் வைத்துக் கட்டியதுதான் ஹவுஸ். வேர்ஹவுஸில் போடும் பாட்டு என்று இசைத்தட்டுக் கடைகளில் கேட்டுக் கேட்டு, சுருக்கமாக ‘ஹவுஸ்’ என்ற பெயர் நின்றது.

## டிஜே உண்மையில் என்ன செய்கிறார்

பாட்டைத் தேர்ந்தெடுத்துப் போடுவது மட்டும்தான் வேலை என்றால் காயம் ஆற்றும் பேச்சுக்கே இடமில்லை. நடப்பது இதுதான்:

1. அறுபடாமல் கொண்டுபோவது. இசைத்தட்டைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிள், நடுவில் இரண்டின் ஒலியையும் கலக்கும் ஒரு மிக்ஸர். ஓடும் பாட்டின் வேகத்துக்கு அடுத்த பாட்டின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ இரண்டின் பீட்டும் ஒன்றன் மேல் ஒன்று விழும்படி பொருத்துகிறார். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்றே ஆடுபவருக்குத் தெரியாது. இடையில் அமைதி வந்தால் ஆள் சட்டென்று தன்னைப் பற்றிய நினைப்புக்குத் திரும்பிவிடுவார், கூட்டமும் கலையும்.

2. நேரத்தை நீட்டுவது. ஹவுஸ் இசை நிமிடத்துக்குச் சுமார் 120 பீட், அதாவது வினாடிக்கு இரண்டு. ஒவ்வொரு பீட்டிலும் கிக் டிரம் என்ற பெரிய மேளத்தின் அடி விழும், இடைவெளியில் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டு சிணுங்கும். இந்த அமைப்பு பிலடெல்பியா டிரம்மர் ஏர்ல் யங் 1970களின் தொடக்கத்தில் பரப்பியது. நக்கிள்ஸ் டேப்பை வெட்டி ஒட்டி, பாட்டின் நல்ல பகுதியை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நீட்டினார். டெரிக் மே டெட்ராய்ட்டிலிருந்து கொண்டுவந்து விற்ற ரோலண்ட் டிஆர் 909 ரிதம் மெஷினையும் கூடச் சேர்த்துக்கொண்டார். மூன்று நிமிடப் பாட்டில் உடம்பு சூடேறும்போதே பாட்டு முடிந்துவிடும். எட்டு மணி நேர இரவில்தான் உடம்பு பிடிவாதத்தை விடும்.

3. எடுத்துவிட்டுத் திருப்பித் தருவது. மிக்ஸரில் பேஸை, அதாவது கனத்த தாழ்ந்த ஒலியை, முழுதாகக் குறைத்துவிட்டு, குரலையும் பியானோவையும் மட்டும் ஒரு நிமிடம் விடுவார்கள். எல்லோரும் காத்திருப்பார்கள். பேஸ் திரும்பி விழும்போது மொத்தக் கூடமும் சேர்ந்து கத்தும். எதிர்ப்பாட்டு மரபுதான் இது. வரி எடுத்துக்கொடுப்பவரின் இடத்தில் டிஜே நிற்கிறார்.

4. கூட்டத்தைப் படிப்பது. முன்கூட்டிய பட்டியல் கிடையாது. யார் களைத்திருக்கிறார்கள், எந்த மூலை ஆடவில்லை, இப்போது ஏற்ற வேண்டுமா இறக்க வேண்டுமா என்று பார்த்துப் பார்த்துப் போடுவது. நக்கிள்ஸ் சில இரவுகளில் விளக்கு மொத்தத்தையும் அணைத்துவிட்டு, எக்ஸ்பிரஸ் ரயில் பாய்ந்துவரும் ஒலிப்பதிவை இருட்டில் ஓடவிடுவார். ரயிலே கூடத்துக்குள் வந்ததுபோல் அலறல் எழும். பயத்தை எல்லோரும் ஒன்றாக அனுபவித்து ஒன்றாகக் கடக்கும் தருணம் அது. எந்த நிமிடத்தில் அதைச் செய்தால் தாங்கும் என்று தெரிவதுதான் கைப்பக்குவம்.

5. ஒலியை உடம்பில் விழவைப்பது. நியூயார்க்கில் லாரி லெவன் பாட்டுப் போட்ட ‘பாரடைஸ் கராஜ்’ கிளப்புக்கு ரிச்சர்ட் லாங் என்ற பொறியாளர் கட்டிய சவுண்ட் சிஸ்டத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். பேஸ் வயிற்றிலும் நெஞ்சிலும் இறங்கும், ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசலாம், காது வலிக்காது என்பதே அதன் பெருமை.

காயம் ஆற்றும் இசை என்று பெயர் வைத்த பிளேலிஸ்டுகள் இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மேலே சொன்ன நான்காவதும் ஐந்தாவதும் ஹெட்போனில் நடக்காது. என் பார்வையில் இந்த இசை செய்யும் வேலையின் பெரும்பகுதி பாட்டில் இல்லை, கூடியிருப்பதில் இருக்கிறது.

## எய்ட்ஸ் வந்தபோது

இது வெறும் பேச்சா நிஜமா என்று சோதித்த காலம் ஒன்று உண்டு. 1981 ஜூனில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பின்னாளில் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயைப் பற்றிய முதல் அறிக்கையை வெளியிட்டது. 1995 முடிவதற்குள் அந்த நாட்டில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூட்டு மருந்து சிகிச்சை 1996 வாக்கில்தான் பரவலானது. குடும்பங்கள் கைவிட்டன, பல சவ அடக்க நிலையங்கள் உடலைத் தொட மறுத்தன.

1982 ஏப்ரலிலேயே பாரடைஸ் கராஜில் ஒரு நிதி திரட்டும் இரவு நடந்தது. நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்ட முதல் தொண்டு அமைப்பின் முதல் பெரிய நிதி நிகழ்ச்சி அது. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் டான்ஸ் ஃப்ளோரில் ஆள் குறைவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஈமச்சடங்குக்கு அழைக்கப்படாத நண்பர்கள் இறந்தவருக்குப் பிடித்த பாட்டுக்கு ஆடித்தான் துக்கம் கொண்டாட முடிந்தது. மதத்தின் சொற்களை, வாக்களிக்கப்பட்ட நிலம், சகோதரத்துவம், சுதந்திரம் என்று அந்தக் காலத்து ஹவுஸ் பாட்டுகள் எடுத்தாண்டதை இந்தப் பின்னணியில்தான் கேட்க வேண்டும்.

## உடம்பில் என்ன நடக்கிறது

ஆராய்ச்சி சொல்வது மூன்று விஷயங்கள்.

முதலாவது, தாளத்தைக் கேட்கும்போது, அசையாமல் உட்கார்ந்திருந்தாலும்கூட, மூளையில் உடல் இயக்கத்தைத் திட்டமிடும் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. காதும் காலும் மூளைக்குள் தனித்தனி இல்லை.

இரண்டாவது, சேர்ந்து ஆடுவது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர் பிரான்வின் டார் குழுவினர் பிரேசிலில் பள்ளி மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஆடுவதற்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். எல்லோரும் ஒரே அசைவாக ஆடியபோது வலி தாங்கும் அளவு கூடியது. மூச்சிரைக்க ஆடியபோதும் கூடியது. ஒன்று மற்றொன்றைச் சாராமல் இரண்டும் வேலை செய்தன. கூட ஆடியவர்களிடம் நெருக்கமும் அதிகரித்தது. உடல் தானே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம்.

மூன்றாவது, பேஸ். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நிஜமான ஒரு மின்னணு இசைக் கச்சேரியின் நடுவே, காதுக்குக் கேட்காத அளவு தாழ்ந்த ஒலியைத் தரும் ஸ்பீக்கர்களைச் சில நிமிடங்கள் ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். பார்வையாளர் தலையில் அசைவை அளக்கும் பட்டை இருந்தது. அந்த ஒலி ஓடியபோது அவர்கள் சுமார் 12 சதவீதம் அதிகமாக அசைந்தார்கள். ஓடுகிறதா இல்லையா என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆய்வு 2022இல் வெளியானது.

இவற்றிலிருந்து ஹவுஸ் இசை மனநோயைத் தீர்க்கும் என்று யாராவது முடிவுகட்டினால் அது தவறு. வலி தாங்கும் சக்தி சற்றுக் கூடுவது ஒன்று, பல ஆண்டு அதிர்ச்சி ஆறுவது வேறு.

## சிகிச்சை வேறு, இது வேறு

நடன அசைவு சிகிச்சை என்று முறையான துறை ஒன்று இருக்கிறது. 1940களில் வாஷிங்டன் நகரின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மேரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் நோயாளிகளோடு வேலை செய்யத் தொடங்கியதில் அது வேர் கொண்டது. 1966இல் அமெரிக்காவில் அதற்குச் சங்கம் வந்தது. அதில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் உண்டு, நோயாளியைப் பற்றிய குறிப்பு உண்டு, பொறுப்பு உண்டு. டிஜேக்கு இவை எதுவும் கிடையாது.

லாரி லெவனின் வாழ்க்கை இங்கே நினைவில் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆறுதல் தந்த அவர் போதைப்பழக்கத்தில் சிக்கி, இதயம் செயலிழந்து 1992இல் 38 வயதில் இறந்தார். அவருடைய பாரடைஸ் கராஜ் 1987இலேயே மூடப்பட்டிருந்தது. அந்த இழப்பிலிருந்து அவர் மீளவே இல்லை என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். கூடத்தைத் தாங்கியவரைத் தாங்க ஏற்பாடு எதுவும் இல்லை. இன்று காயம் ஆற்றும் இசை நிகழ்ச்சி நடத்துபவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

## மற்ற ஊர்களில்

பிரிட்டனில் இதே வேலையைச் செய்தது ஜமைக்கக் குடியேறிகளின் சவுண்ட் சிஸ்டம். நிறவெறியால் கிளப்புகளுக்குள் விடாதபோது வீடுகளிலும் நிலவறைகளிலும் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி ஆடினார்கள். 2023இல் மறைந்த ஜா ஷாகா, லண்டனில் பல பத்தாண்டுகள் இரவு முழுக்க டப் இசை ஓடவிட்டதை வழிபாடாகவே நினைத்தவர்கள் ஏராளம்.

டெட்ராய்ட்டில் ‘ட்ரெக்சியா’ என்ற டெக்னோ இரட்டையர் வேறு வழி கண்டார்கள். அடிமைக் கப்பல்களிலிருந்து கர்ப்பிணிகள் கடலில் வீசப்பட்டது வரலாறு. அவர்கள் வயிற்றில் இருந்த குழந்தைகள் நீருக்கடியில் மூச்சுவிடக் கற்று ஒரு நாட்டையே கட்டினார்கள் என்று 1997இல் வந்த தங்கள் தொகுப்பின் குறிப்பில் ஒரு புராணம் எழுதினார்கள். சாகக் கொடுத்தவர்களை வாழவைக்கும் கதை அது. பாட்டில் வார்த்தையே இல்லாவிட்டாலும், அதைத் தெரிந்துகொண்டு ஆடும்போது இசை வேறாகக் கேட்கிறது.

## கூடம் போனால் என்ன ஆகும்

கூடியிருப்பதில்தான் பலன் என்றால், கூடுவதற்கான இடம் யார் கையில் இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. வாடகை ஏறினால் முதலில் மூடுவது இப்படிப்பட்ட கிளப்புகள்தான். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற சிகாகோவின் அறிவிப்பு வேர்ஹவுஸ் கட்டடத்தை இடிபடாமல் காக்கும். உள்ளே மறுபடி ஆட வைக்காது. 2014இல் நக்கிள்ஸ் இறந்தபின் அவருடைய இசைத்தட்டுகள், அதே நகரின் தெற்குப் பகுதியில் பழைய வங்கிக் கட்டடத்தில் அமைந்த ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க் என்ற கலை மையத்துக்குப் போயின.

பணமும் இதில் சேர்ந்தது. ஹவுஸ் இசையின் ஆழமான சில படைப்புகளைத் தந்த லாரி ஹேர்ட், பாடகர் ராபர்ட் ஓவன்ஸ் இருவரும் ராயல்டி வராததற்காகத் தங்கள் பழைய இசைத்தட்டு நிறுவனத்தின் மேல் 2020இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2022இல் சமரசமாகி, பாட்டுகளின் உரிமை அவர்களிடம் திரும்பியது. உலகமே ஆறுதல் பெற்ற இசையைச் செய்தவர்கள் தங்கள் பங்குக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள்.

எனவே காயம் ஆற்றும் இரவு என்று ஒரு நிகழ்ச்சி விளம்பரமானால் கேட்க வேண்டிய கேள்விகள் சாதாரணமானவை:

1. உள்ளே வரும் கட்டணம் யாரை வெளியே நிறுத்துகிறது?
2. இந்த இசையை உருவாக்கிய சமூகத்தவர் மேடையிலும் தரையிலும் இருக்கிறார்களா, பெயரில் மட்டும் இருக்கிறார்களா?
3. குடிக்காதவருக்கு இடம் இருக்கிறதா? தண்ணீரும், உட்கார ஓரிடமும் உண்டா?
4. யாராவது நிலைகுலைந்தால் கவனிக்க ஆள் இருக்கிறதா?

இந்தச் சோதனையில் எளிதாகத் தேறுவது ஒரு கிளப்கூட இல்லை, ஒரு பிக்னிக். சிகாகோவில் ‘சோசன் ஃப்யூ’ என்ற டிஜே குழுவினர் 1990இல் அறிவியல் அருங்காட்சியகத்தின் பின்புறம் குடும்பத்தோடு கூடிச் சாப்பிட்டு, டர்ன்டேபிள் வைத்து ஹவுஸ் பாட்டுப் போட்டார்கள். அது ஆண்டுதோறும் ஜூலையில் வளர்ந்து, ஜாக்சன் பார்க்கில் பல்லாயிரம் பேர் கூடும் விழாவாகிவிட்டது. கூடாரம், இறைச்சி சுடும் அடுப்பு, மடக்கு நாற்காலி எல்லாம் கொண்டுவருகிறார்கள். அன்று இருபது வயதில் ஆடியவர்கள் இன்று பேரப் பிள்ளைகளோடு வந்து, பட்டப்பகலில், புல்தரையில் அதே பாட்டுகளுக்கு ஆடுகிறார்கள்.